பான்ஃப், கேன்மோர், விஸ்லர், கல்கரி: சீசன் வேலைக்கு வந்தவர் எங்கே குடியமர்வது?

கனடாவின் மலை ஊர்களுக்கு ஒரு சீசன் வேலைக்கென்று வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர்கள் ஏராளம். குளிர்காலம் முடியும்போது கோடைக்கும் இருக்கச் சொல்வார்கள். பெர்மிட் நீளும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று வருடம் ஓடியிருக்கும். அதன் பிறகுதான் அந்தப் பேச்சு வரும். மனைவியைக் கூட்டிவர வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், நாலு பேரோடு கழிப்பறையைப் பங்குபோடும் ஸ்டாஃப் வீட்டில் இனியும் காலம் தள்ள முடியாது. எங்கே போவது?

பான்ஃபில் ஓர் ஓட்டல் கிச்சனில் பல வருடம் நின்றவன் நான். இப்போது குடும்பத்தோடு கேன்மோரில் இருக்கிறேன். சென்னை, கோவை, யாழ்ப்பாணம், நடுவில் துபாய் ஓட்டல்கள் என்று சுற்றி இங்கே வந்து சேர்ந்த பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்ற கணக்கோடுதான் வருவார்கள். அந்தக் கணக்கு வேண்டும்தான். ஆனால் மலை ஊரில் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாளைக்கே வேலை போய்விட்டால், அடுத்த மாதம் எங்கே படுப்பீர்கள்? இங்கே வேலை, வீடு, நாட்டில் இருக்கும் உரிமை மூன்றும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று அவிழ்ந்தால் மற்ற இரண்டும் சேர்ந்து போகும். எந்த ஊர் அந்த முடிச்சை எவ்வளவு தளர்த்துகிறது என்பதை வைத்துத்தான் இந்த நான்கு ஊர்களையும் நான் எடைபோடுகிறேன். இவற்றில் விஸ்லர் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இருக்கிறது, மற்ற மூன்றும் ஆல்பர்ட்டாவில்.

முதலில் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) எங்கே கிடைக்கும் என்று பாருங்கள்

ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, ஜப்பான் பிள்ளைகள் வொர்க்கிங் ஹாலிடே விசாவில் வந்து, பிடித்த முதலாளியிடம் வேலை பார்க்கிறார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கனடாவோடு அந்த ஒப்பந்தம் கிடையாது. நம்மவர்கள் படித்து முடித்த பின் கிடைக்கும் பெர்மிட்டில் இருப்பார்கள், இல்லையென்றால் எல்எம்ஐஏ, அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க முதலாளி வாங்கும் அரசு ஒப்புதல், போட்ட முதலாளியோடு கட்டப்பட்ட பெர்மிட்டில் இருப்பார்கள். இரண்டாவது வகையில், முதலாளியை விட்டால் பெர்மிட்டும் பயனற்றுப்போகும்.

கனடா எல்லா வேலைகளையும் 0 முதல் 5 வரை தரம் பிரித்து வைத்திருக்கிறது; 0 மேல், 5 கீழ். சமையல்காரர் வேலை 3. ஃபுட் சர்வீஸ் சூப்பர்வைசர் 2. ஓட்டல் ஃப்ரண்ட் டெஸ்க் 4. ஹவுஸ்கீப்பிங், கிச்சன் ஹெல்ப்பர், சர்வர் எல்லாம் 5. மத்திய அரசு மதிப்பெண் போட்டு பிஆருக்கு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கணக்கில் வருவது 0 முதல் 3 வரையிலான வேலைகள் மட்டுமே. பத்து வருடம் படுக்கை விரித்து, குளியலறை தேய்த்து, ஊரையே நடத்திக்கொண்டிருந்தாலும் அந்த அனுபவத்துக்கு அங்கே மதிப்பு இல்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். சுற்றுலாவை நம்பி வாழும் ஊர்களில் அந்த வேலை செய்பவர்கள் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஆனாலும் விதி இதுதான் என்பதால், கிச்சனில் ஹெல்ப்பராக இருப்பவர் லைன் குக் ஆவதும், ஹவுஸ்கீப்பிங்கில் இருப்பவர் சூப்பர்வைசர் பொறுப்பு கேட்பதும் சம்பளத்துக்காக மட்டும் அல்ல. பதவியின் பெயர் மாறினால் போதாது. செய்யும் வேலையும் மாறியிருக்க வேண்டும், முதலாளி தரும் கடிதத்தில் அது எழுத்தில் இருக்க வேண்டும்.

4, 5 தர வேலைக்காரர்களுக்கு வழி, பிஆருக்கு ஆட்களைப் பரிந்துரைக்கும் மாகாணங்கள்தான். ஆல்பர்ட்டா 2024 மார்ச்சில் சுற்றுலா, விருந்தோம்பல் துறைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. ஒரே முதலாளியிடம் குறைந்தது 6 மாத முழுநேர வேலை, ஆங்கிலத்தில் சிஎல்பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 4, அங்கீகரிக்கப்பட்ட தொழில் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் முதலாளி என்பவை முக்கிய நிபந்தனைகள். ஹவுஸ்கீப்பிங்கும் கிச்சன் ஹெல்ப்பரும் இந்தப் பட்டியலில் உண்டு. எல்லா வகைப் பெர்மிட்டுக்கும் இது பொருந்தாது. படிப்புக்குப் பிந்தைய பெர்மிட்டில் இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் அந்த விதியை வரிவரியாகப் படியுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இதே போன்ற நுழைவுநிலைப் பிரிவு ஒன்று முன்பு இருந்தது. 2025இல் அந்த மாகாணம் தனக்குக் கிடைத்த சொற்ப இடங்களைச் சுகாதாரத் துறை போன்றவற்றுக்கு ஒதுக்கியதும், ஓட்டல் தொழிலாளிக்கு அந்தக் கதவு நடைமுறையில் மூடிவிட்டது. மத்திய அரசு 2025க்கான மாகாணத் திட்ட இலக்கை 1,20,000இலிருந்து 55,000ஆகக் குறைத்ததன் விளைவு இது. ஆல்பர்ட்டாவிலும் நெரிசல் அதிகம்தான்; அங்கே கதவு இருக்கிறது, வரிசை நீளம், அவ்வளவே வித்தியாசம்.

இன்னொரு விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து, குறைந்த கூலி எல்எம்ஐஏவுக்கு ஆயுள் ஒரு வருடம்தான், முன்பு இரண்டு. வேலையின்மை 6 சதவீதத்தைத் தொட்ட பெருநகரங்களில் அந்த விண்ணப்பங்களைப் பெரும்பாலும் பரிசீலிப்பதே இல்லை. கல்கரி இந்தப் பட்டியலில் இருந்திருக்கிறது. பான்ஃப், கேன்மோர், விஸ்லர் மூன்றும் பெருநகரக் கணக்கில் வராததால் அந்தத் தடை அவற்றுக்கு இல்லை. ஆகவே பிஆர் வருவதற்கு முன் "மலை போதும், கல்கரிக்கு இறங்கிவிடலாம்" என்று கிளம்புகிறவர், பெர்மிட்டைப் புதுப்பிக்கும் வழியைத் தானே அடைத்துக்கொள்ளக்கூடும். இதைத் தெரியாமல் இறங்கிப்போய்த் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாகாணத்தின் பரிந்துரையில் பிஆர் வாங்குகிறவர் அந்த மாகாணத்திலேயே வாழும் எண்ணத்தோடு விண்ணப்பிக்கிறார் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆல்பர்ட்டாவில் வாங்கிக்கொண்டு மறுமாதம் விஸ்லருக்குப் போய்விடலாம் என்று யோசனை சொல்லும் ஏஜென்ட்டிடமிருந்து விலகியிருங்கள்.

பான்ஃப்

ஊரைப் பற்றிச் சொல்லுமுன் ஸ்டாஃப் அக்கமடேஷன் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பான்ஃபை முதலில் எல்லோரும் அங்கிருந்துதான் பார்க்கிறார்கள். இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஜன்னல். ஜன்னல் விளிம்பில் பால் டப்பா, ஏனென்றால் பொது ஃபிரிட்ஜில் வைத்தது காணாமல் போகும். ரூம்மேட் பிரேக்ஃபாஸ்ட் ஷிஃப்ட், விடியுமுன் எழுவான். நீங்கள் டின்னர் ஷிஃப்ட், நள்ளிரவு தாண்டி வருவீர்கள். ஒருவர் தூக்கத்தை இன்னொருவர் கெடுக்காமல் இருக்க இருட்டிலேயே உடுப்பு மாற்றப் பழகிவிடுவீர்கள். வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள், வெளியே வீடு தேடினால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது மலிவுதான். காசு சேர்க்க வந்த முதல் வருடத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி இருக்கும்: வேலை முடிந்தபின் இத்தனை நாளுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அந்த எண்ணைக் கையெழுத்துப் போடுமுன் பாருங்கள்.

இனி ஊர். பான்ஃப் ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் நகரம். 1885இல் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி ஒதுக்கிய நிலத்திலிருந்து வளர்ந்த, கனடாவின் முதல் தேசியப் பூங்கா அது. நகராட்சி 1990இல்தான் வந்தது. நகரின் பரப்பு சுமார் 4 சதுர கிலோமீட்டர். எல்லையை மத்திய சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது, விரிவுபடுத்த முடியாது. 2021 கணக்கெடுப்பில் 8,305 பேர். வருடத்துக்கு 40 லட்சம் பேர் அளவில் வந்துபோகும் பூங்காவுக்குச் சமைத்துப் போட்டு, படுக்கை விரித்து, பேருந்து ஓட்டுவதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சிற்றூரும் பக்கத்து ஊர்களும்தான்.

நிலம் முழுவதும் அரசுடையது. வீடு வாங்கினாலும் 42 வருடக் குத்தகைதான் கைக்கு வரும். அதைவிட முக்கியம், பான்ஃபில் குடியிருக்கவே தகுதி வேண்டும். உங்கள் முதன்மையான வேலை பூங்காவுக்குள் இருக்க வேண்டும், அல்லது அங்கே தொழில் நடத்த நீங்கள் நேரில் இருப்பது அவசியம் என்றிருக்க வேண்டும், அல்லது அப்படிப்பட்டவரின் வாழ்க்கைத்துணையாகவோ அவரைச் சார்ந்தவராகவோ இருக்க வேண்டும். ஓய்வு பெற்றபின் தங்க விரும்பினால், ஓய்வுக்கு முன் தொடர்ந்து 5 வருடம் பூங்காவில் வேலை பார்த்திருக்க வேண்டும். பிஆர் வாங்கினாலும், குடியுரிமையே வாங்கினாலும் இந்த விதி உங்களை விடாது. வேலையோடு வீடு கட்டப்பட்டிருக்கும் முடிச்சு இங்கே சட்டமாகவே இருக்கிறது.

இந்த விதியைக் கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள். நான் அதை அவ்வளவு கெட்டதாக நினைக்கவில்லை. டொரோண்டோவிலும் கல்கரியிலும் பணம் வைத்திருப்பவர் வார இறுதிக்கு வந்துபோக பான்ஃபில் வீடு வாங்கிப் பூட்டி வைக்க முடியாது. அந்த ஒரு விதி இல்லையென்றால் தெருத்தெருவாக விளக்கு எரியாத வீடுகள் நிற்கும், நம்மைப் போன்றவர்களுக்கு ஊரில் இடமே இருக்காது. நகராட்சியின் வீட்டுவசதி நிறுவனம் 2018இல் டினு என்ற நூறுக்கும் மேற்பட்ட வாடகை வீடுகள் கொண்ட குடியிருப்பைத் திறந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வீடு கிடைத்தால், முதலாளியை மாற்றினாலும் வீடு மாறாது. ஸ்டாஃப் அறையிலிருந்து அந்த நிலைக்கு வருவதுதான் பான்ஃபில் ஒருவர் ஏறக்கூடிய பெரிய படி என்பேன். பூங்காவுக்குள் ஓட்டல்கள் பல. ஒரு கிச்சனில் ஒத்துவரவில்லை என்றால் தெரு தாண்டினால் இன்னொரு கிச்சன். ஓப்பன் பெர்மிட்டோ (எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம்) பிஆரோ இருப்பவருக்கு இது பெரிய தைரியம்.

வருமானத்தில் ஒரு பள்ளம் உண்டு, அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அக்டோபரில் தேங்க்ஸ்கிவிங் வார இறுதி போனதும் ஷிஃப்ட் அட்டவணை மெலிந்துவிடும். பனிச்சறுக்கு சூடுபிடிக்கும் டிசம்பர் வரை அப்படித்தான். ஏப்ரல், மே மாதங்களில் மறுபடி அதே கதை. மணிநேரம் குறையும், டிப்ஸ் ஏறக்குறைய நின்றேபோகும், வாடகை மட்டும் அப்படியே இருக்கும். ஜூலை மாதச் சம்பளத்தை வைத்து வருடக் கணக்குப் போட்டவர்கள் நவம்பரில் கடன் கேட்டு நிற்கிறார்கள்.

மனிதர்களைப் பொறுத்தவரை பான்ஃப் அந்நியர்களுக்குப் பழகிய ஊர். பிலிப்பினோ மக்கள் அங்கே வேரூன்றிவிட்டார்கள். அரிசி மூட்டைக்கும் கருவாட்டுக்கும் நாம் அவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நகராட்சியே நடத்தும் குடியமர்வு உதவி மையம் இருக்கிறது. படிவம் நிரப்புவது, பள்ளி சேர்க்கை, வரி என்று எதற்கும் இலவசமாக உதவுவார்கள். ஏஜென்ட்டுக்குக் காசு கொட்டுமுன் அங்கே ஒரு நாள் போய் உட்காருங்கள். தமிழர்கள் சொற்பம். கறிவேப்பிலைக்குக் கல்கரி போக வேண்டும்.

கேன்மோர்

பூங்காவின் கிழக்கு வாசலைத் தாண்டியதும் கேன்மோர், பான்ஃபிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். நிலக்கரிச் சுரங்க ஊராக இருந்தது. 1979இல் சுரங்கம் மூடியது. 1988 கல்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் நெடுந்தூரப் பனிச்சறுக்கு இங்கே நடந்தபின் ஊரின் தலையெழுத்தே மாறிவிட்டது. 2021இல் 15,990 பேர். இரண்டு ஊருக்கும் நடுவே ரோம் (Roam) என்ற உள்ளூர்ப் பேருந்து ஓடுகிறது. பான்ஃபில் வேலை, கேன்மோரில் வீடு என்று வாழ்கிறவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

இங்கே யாரும் உங்கள் வேலையைக் கேட்டு வீடு தருவதில்லை. நிலம் சொந்தமாகவே கிடைக்கும். கல்கரிக்கு இணையத்தில் வேலை பார்க்கலாம், ஓய்வு பெறலாம், சும்மாவும் இருக்கலாம். முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் பான்ஃபைக் காப்பாற்றும் விதி இங்கே இல்லாததால், பணக்காரர்களின் வார இறுதி வீடுகள் எல்லாம் கேன்மோரில் வந்து குவிந்தன. தனி வீடு 10 லட்சம் டாலருக்கு மேல். ஆல்பர்ட்டா வாழ்கூலி வலையமைப்பு 2023இல் போட்ட கணக்கில், கேன்மோரில் குடும்பம் நடத்த ஒருவருக்கு மணிக்கு 38.80 டாலர் வேண்டும்; கல்கரியில் 23.70 போதும். மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலி 2018இலிருந்து 15 டாலரிலேயே நிற்கிறது. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டிவைத்து, கணவன் மனைவி சேர்ந்து ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று நான் சொல்வதுண்டு.

ஊர் சும்மா இருக்கவில்லை. முதன்மைக் குடியிருப்பாக இல்லாத வீடுகளுக்கு 2025 முதல் கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தை உள்ளூர்க்காரர்களின் வீட்டுவசதிக்குத் திருப்பும் திட்டத்தை நகராட்சி கொண்டுவந்தது. கேன்மோர் சமூக வீட்டுவசதி நிறுவனம் சந்தை விலைக்குக் கீழே வீடுகளை விற்கிறது, வாடகைக்கும் விடுகிறது. திரும்ப விற்கும்போதும் விலை ஏற்றத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அதில் லாபம் பார்க்க முடியாது, நிம்மதியாக இருக்கலாம். வரிசை நீளம் என்பதால், தகுதி வந்த அன்றே பெயர் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டுக்குக் கேன்மோர் நல்ல இடம். ஒருவர் சம்பளத்தில், அதுவும் சீசனுக்கு ஏற்ப ஏறி இறங்கும் சம்பளத்தில், இங்கே குடும்பம் நடத்த முடியாது. கேன்மோரில் வாடகை கட்ட முடியாமல், மறுபடி பான்ஃப் ஸ்டாஃப் அறைக்குக் கணவன் தனியாகத் திரும்ப, மனைவியும் பிள்ளையும் ஊருக்கே போன வீடு ஒன்று எனக்குத் தெரியும். அவர்கள் ஒன்றும் சோம்பேறிகள் அல்ல. மனைவிக்கு வேலை செய்ய அனுமதி இல்லை என்பதுதான் அவர்களை வீழ்த்தியது.

அந்த விதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரி 21க்குப் பிறகு, வெளிநாட்டுத் தொழிலாளியின் வாழ்க்கைத்துணைக்கு ஓப்பன் பெர்மிட் கிடைப்பது 0, 1 தர வேலைகளுக்கும், 2, 3 தரத்தில் தேர்ந்தெடுத்த சில வேலைகளுக்கும் மட்டும்தான். ஹவுஸ்கீப்பிங்கில் இருப்பவரின் துணைவர் அந்த வழியில் வேலைக்குப் போக முடியாது. சுவிட்சர்லாந்து 1934 முதல் 2002 வரை சீசன் தொழிலாளிக்கென்று தனிச் சட்டம் வைத்திருந்தது. வருடத்தில் 9 மாதம் வேலை, குடும்பத்தைக் கூட்டிவர அனுமதி இல்லை. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், யூகோஸ்லாவியாவிலிருந்து போனவர்களில் சிலர் பிள்ளைகளைத் திருட்டுத்தனமாகக் கூட்டிவந்து, பள்ளிக்கும் அனுப்ப முடியாமல், அண்டை வீட்டுக்குச் சத்தம் கேட்காமல் அறைக்குள்ளேயே ஒளித்து வளர்த்தார்கள். கனடாவின் சட்டம் அவ்வளவு கொடியது அல்ல. ஆனால் துணைவருக்கு வேலை மறுக்கும் விதியும், வாடகை மலைபோல் ஏறிய ஊரும் சேர்ந்தால் குடும்பம் பிரிந்துதான் இருக்க வேண்டியிருக்கிறது. பிஆர் வரும்வரை குடும்பத்தைக் கூட்டிவருவதைத் தள்ளிப்போடுங்கள் என்று ஒருவரிடம் சொல்வது எனக்கு மனம் கூசும் காரியம். கையிருப்பு இல்லாதவரிடம் அதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

விஸ்லர்

விஸ்லருக்கு நான் போய்வந்திருக்கிறேனே தவிர வாழ்ந்ததில்லை. அங்கே இருக்கும் நண்பர்கள் வழியாகவே அதன் உள்நிலவரம் தெரியும். 1975இல் சுற்றுலாத் தல நகராட்சியாகவே உருவாக்கப்பட்டது. வான்கூவரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். 2021இல் 13,982 பேர், ஐந்தே வருடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் கூடுதல். கோடையில் மலை சைக்கிள் கூட்டம் வருவதால் ஆஃப் சீசன் பள்ளம் இருந்தாலும் வருடம் முழுவதும் வேலை தேடலாம். குறைந்தபட்சக் கூலி 2025 ஜூனில் 17.85 டாலர் ஆனது.

தொழிலாளிக்கு வீடு என்ற விஷயத்தில் விஸ்லர் மற்ற எல்லா ஊருக்கும் பாடம் நடத்தக்கூடியது. 1997இல் தனி வீட்டுவசதி ஆணையம் அமைத்தார்கள். தொழிலாளிகளில் குறைந்தது 75 சதவீதம் பேர் ஊருக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்பதை இலக்காக வைத்தார்கள். 2010 ஒலிம்பிக்குக்குக் கட்டிய விளையாட்டு வீரர் குடியிருப்பைப் போட்டி முடிந்ததும் உள்ளூர்த் தொழிலாளிகளுக்கு மாற்றினார்கள். இன்றைய செக்கமஸ் கிராசிங் அதுதான். அங்கே விலை ஏற்றம் பணவீக்கத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. வெளிச் சந்தையில் தனி வீடு 20 லட்சம் டாலரைத் தாண்டும் ஊரில் ஒரு சமையல்காரர் சொந்த வீட்டில் இருப்பதைக் காண்பது மனதுக்கு நிறைவாக இருக்கும்.

ஆனால் அந்த வீட்டை வாங்க பிஆரோ குடியுரிமையோ இருக்க வேண்டும், வரிசையில் பல வருடம் நிற்க வேண்டும். பிஆர் வாங்கும் வழியோ, 5ஆம் தர வேலைக்காரருக்கு அந்த மாகாணத்தில் அடைபட்டிருக்கிறது. ஆகவே விஸ்லர் யாருக்கு என்றால், சமையல்காரராகவோ சூப்பர்வைசராகவோ ஒரு வருடம் முடித்து, ஆங்கிலத் தேர்விலும் நல்ல மதிப்பெண் எடுத்து, எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியில் நிற்பவருக்கு. அந்த வழியில் எந்த மாகாணத்துக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. வரிசையில் நிற்கும் வருடங்களில் 60 கிலோமீட்டர் தள்ளி ஸ்குவாமிஷில் இருந்து வந்துபோக நேரிடலாம். பனிக்காலத்தில் அந்த நெடுஞ்சாலை அடைபட்டால் ஷிஃப்ட்டும் போச்சு.

கல்கரி

கல்கரியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் பிஆர் வந்தவருக்கு இங்கே முடிச்சே இல்லை. 2021 கணக்கெடுப்பிலேயே 13 லட்சம் பேர் இருந்த நகரம், பான்ஃபிலிருந்து ஒன்றரை மணிநேரம். வேலை போனால் வேறு துறையிலேயே வேலை தேடலாம். வீட்டுக்காரர் உங்கள் முதலாளி யாரென்று பார்ப்பதில்லை. துணைவருக்கும் வேலை, பிள்ளைகளுக்குக் கல்லூரி, கோயில், தமிழ்ச் சங்கம், முருங்கைக்காய் எல்லாம் பேருந்து தூரத்தில். மலையில் கற்ற சமையல் வேலைக்கு நகரத்து உணவகங்களில் மதிப்பு உண்டு.

பிஆர் கைக்கு வந்தபின் கல்கரிக்கு இறங்குவதைத் தோல்வி என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மலையில் வாழ்வதற்கென்றே வந்தவர்கள் அவர்கள். அந்த ஆசையை நான் சின்னதாக மதிப்பிடவில்லை. காலையில் ரண்டில் மலையைப் பார்த்துக்கொண்டே பேருந்துக்கு நிற்பது எனக்கும் இன்றுவரை சலிக்கவில்லை. ஆனால் 45 வயதில் முழங்கால் தேய்ந்து, ஹவுஸ்கீப்பிங் வண்டியைத் தள்ள முடியாமல் போகிறவருக்கு, பான்ஃபில் உட்கார்ந்து செய்யும் வேலைகள் மிகக் கொஞ்சம். உடம்பு ஒத்துழைக்கும் வருடங்களை வைத்து மட்டும் ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஜாஸ்பரைச் சிலர் கேட்கிறார்கள். அதுவும் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஊர், பான்ஃப் போன்ற குடியிருப்பு விதிகள். 2024 ஜூலையில் காட்டுத்தீ அந்த ஊரின் கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எரித்துவிட்டது. ஊர் மீண்டு கட்டிக்கொண்டிருக்கிறது. கட்டட வேலை தெரிந்தவருக்கு அங்கே தேவை இருக்கிறது. குடும்பத்தோடு போய்க் குடியேற இன்னும் சில வருடம் பொறுக்கலாம். எந்த மலை ஊரில் இருந்தாலும், வாடகை வீடாக இருந்தாலும், வாடகைதாரர் காப்பீடு எடுத்துவிடுங்கள். ஸ்டாஃப் அறையில் இருப்பவர்களில் அதை எடுத்தவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால்

முதலாளியோடு கட்டப்பட்ட பெர்மிட்டில் இருக்கும்வரை பான்ஃபிலேயே இருங்கள். ஸ்டாஃப் அறையின் அசௌகரியம் காசாகச் சேரும். ஆல்பர்ட்டாவின் வழி திறந்திருக்கிறது. நகரத்துத் தடை அங்கே இல்லை. அந்தக் காலத்தில் செய்ய வேண்டியவை ஆங்கிலத் தேர்வு எழுதுவது, 3ஆம் தர வேலைக்கு ஏறுவது, பே-ஸ்லிப்புகளை ஒன்றுவிடாமல் சேர்ப்பது. முதலாளி மிரட்டினாலோ, கூலியைப் பிடித்தாலோ, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டாலோ பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். துன்புறுத்தப்படும் தொழிலாளிக்கென்று 2019 முதல் தனி ஓப்பன் பெர்மிட் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கக் குடியமர்வு மையத்திலேயே உதவி கேட்கலாம்.

பிஆர் வந்தபின் கணக்கு மாறிவிடும். தனி ஆளாக, சமையலிலோ மலை வேலைகளிலோ முன்னேறும் எண்ணத்தோடு இருந்தால், பான்ஃபில் நகராட்சியின் வாடகை வீடு ஒன்றுக்கு முயலுங்கள். இருவரும் வருடம் முழுவதும் ஓடும் வேலையில் இருந்தால் கேன்மோர். பிள்ளைகள் இரண்டு, ஒருவர் மட்டுமே வேலை, ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டும் என்றால் தயங்காமல் கல்கரி. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வந்தவர், வரிசையில் நிற்கப் பொறுமையும் இளவயதும் உள்ளவர் என்றால், விஸ்லர் நீண்ட காலத்துக்கு நன்மை தரும். சொந்த வீடு வரை போகும் வழியை அந்த ஊர்தான் தொழிலாளிக்குத் தெளிவாகப் போட்டுக் கொடுத்திருக்கிறது.

குடியுரிமைக்கு 5 வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். பிஆருக்கு முன் பெர்மிட்டில் இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக, அதிகபட்சம் 365 நாள் வரை கணக்கில் வரும். ஆஃப் சீசனில் ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்குகிறவர்கள் போன தேதி, வந்த தேதி இரண்டையும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், விமான டிக்கெட்டையும் அதோடு சேர்த்து வையுங்கள். வீட்டுவசதி வரிசைகளில் பெயர் கொடுக்க வருமான வரி மதிப்பீட்டுத் தாளும் முதலாளியின் கடிதமும் கேட்பார்கள். அவற்றை ஏப்ரலிலேயே தயார் செய்தால், மே மாதம் ஷிஃப்ட் குறைந்திருக்கும் நாட்களில் பான்ஃப், கேன்மோர் இரண்டு அலுவலகங்களுக்கும் நேரில் போய்வந்துவிடலாம்.